வலது கை ஆமாம், இடது கை இல்லை

“தலையில என்னமோ அப்பிக் கெடக்குதுங்க. சீயக்காய்க்கும் போவ மாட்டேங்குது.”

வாசலில் நான்கு பெண்கள் சேலையை விரித்து மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். குரல் அதற்குள்ளிருந்து வந்தது. வெளியே தண்ணீர்க் குடத்துடன் நின்ற முருகானந்தத்துக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

“அது பசைங்க பெரீம்மா” என்றாள் உள்ளேயிருந்த மகள் இலக்கியா. “புதங்கெழம டெஸ்ட்டுக்குத் தொப்பி போட்டாங்கல்ல, அதுக்கு வெச்சது. சுடுதண்ணி ஊத்துனாத்தான் எளகும்.”

“செத்தவிங்களுக்குச் சுடுதண்ணி ஊத்துவாங்களா சாமி? பச்சத்தண்ணிதான் ஊத்தோணும்.”

“எங்கம்மாவுக்கு ஊத்துங்க.”

முருகானந்தம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். சமையலறையில் பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்துத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். அங்கே டம்ளர் கழுவிக் கொண்டிருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, “நீங்க எதுக்குங்கண்ணா, நான் கொண்டாரேன், போங்க” என்றாள். அவர் போகவில்லை. தண்ணீர் சுடும்வரை ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்து கொண்டிருந்தார்.

பதினாலு மாதமாக மனைவி வசந்தாமணியின் தலையை அவர்தான் அலசி வந்தார். இதற்கு முன் இரண்டு முறை அந்தப் பசை வைத்தபோதும், வெதுவெதுப்பான தண்ணீரும் அகலப்பல் சீப்புமாக உட்கார்ந்து, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தவர் அவர். இந்த முறை எடுக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து இன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மூச்சு நின்றது வரை, திருப்பிப் படுக்க வைத்தார், குழாயில் கஞ்சி ஊற்றினார், துணி மாற்றினார். தலையை மட்டும் தொடவில்லை. தொட்டால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போன வருஷம் மாசியில் நடந்தது. சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணன் மாதேஸ்வரனின் பைக்கில் போனவள், வேகத்தடையில் வண்டி எகிறியதில் பின்னாலிருந்து விழுந்தாள். பின்மண்டையில் அடி. முருகானந்தம் அப்போது சத்தீஸ்கரில் இருந்தார். திருச்செங்கோட்டு ரிக் லாரியோடு வடக்கே போய், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலைதான். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும்போது இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மற்ற மாதங்களில் அவர் ஒரு போன் குரல்தான். “சாப்புட்டயா? புள்ள பள்ளிக்கூடம் போனாளா? செரி, வெக்கறேன்.”

ரயில் ஏறி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர் ரிக் வண்டி ஏறவே இல்லை.

நாற்பத்தெட்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கண் திறந்திருந்தது. காலையில் திறக்கும், ராத்திரி மூடும். ஆனால் எதையும் பார்க்காது. கூப்பிட்டால் திரும்பாது. கிள்ளினால் கை லேசாக இழுத்துக் கொள்ளும், அவ்வளவுதான். “முழிப்பு இருக்கு, நெனவு இல்லைங்க” என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். நர்ஸ் ஒருத்திதான் புறப்படும்போது சொன்னாள்: “பேசிட்டே இருங்கண்ணா. பேசறதுல ஒண்ணும் நட்டமில்ல.”

முருகானந்தம் பேசினார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கும்போது, எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எங்கே பாறை மாட்டி மூன்று நாள் நின்றார்கள், ஒரு ஊரில் தண்ணீர் பீறிட்டதும் கிழவிகள் வந்து லாரிக்குக் குங்குமம் வைத்தது, எல்லாம் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் பேசாததை அந்த நாலைந்து மாதத்தில் பேசிவிட்டார். இலக்கியா ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவாள். வாசலுக்கு வரும்போதே அப்பாவின் குரல் கேட்கும். “ரேடியோ மாதிரி ஓடிட்டே இருக்கறீங்கப்பா” என்பாள் சிரித்துக்கொண்டு.

ஆடியில் ஒரு மத்தியானம், காலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தபோது, அவர் யோசிக்காமலேயே அது வாயில் வந்தது.

“உங்கப்பா எழவுக்கு நான் வரல. வண்டி மாட்டிக்கிச்சுன்னு போன்ல சொன்னன். வண்டி ஒண்ணும் மாட்டல வசந்தா.”

நிறுத்தினார். அவள் கண் மேலே காற்றாடியைப் பார்த்தபடி இருந்தது. அவர் தொடர்ந்து எண்ணெய் தேய்த்தார்.

“அங்க ஒருத்தி இருந்தா. சோத்துக்கட வெச்சிருந்தா. நாலு வருசம். உங்கப்பா செத்த சேதி வந்தப்ப அவகூடத் தேர்த் திருவிழாவுக்குப் போயிட்டிருந்தன். பாதி வழில போன் வந்துச்சு. திரும்பலாம்னுதான் நெனச்சன். திரும்பல.”

சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினார். அன்று மத்தியானம் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து தினம் கொஞ்சம் சொன்னார். அந்தப் பெண்ணின் வீடு எப்படி இருந்தது, என்ன சமைத்தாள், எதனால் விட்டுப் போனாள். அவள் போனபின் லாரிக்கடியில் படுத்து அழுததைக்கூடச் சொன்னார். யாரிடமும் சொல்லாதது. சொல்லச் சொல்ல உடம்பு லேசானது.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஸ்ரீதேவி இந்த மாதிரி நோயாளிகளைப் பரிசோதிப்பதாக இலக்கியாதான் கண்டுபிடித்தாள். கார்த்திகையில் அவர் வீட்டுக்கே வந்தார். கம்பிகள் தொங்கும் துணித்தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி, அதன் ஓட்டைகளில் பசை வைத்தார். இரண்டு மணிக்கட்டிலும் செல்போன் அதிர்வது போல் அதிரும் சின்னப் பெட்டி ஒவ்வொன்று. காதில் ஒரு குரல், ‘வலது கையில் வரும் அதிர்வை மட்டும் எண்ணுங்கள்’ என்றது.

“சும்மா அதிர்வு பட்டா மூளை பெருசாக் கண்டுக்காது” என்று லேப்டாப்பைக் காட்டி விளக்கினார் டாக்டர். “ஒருத்தர் கவனிச்சு எண்ணுனாத்தான், ஒவ்வொரு அதிர்வுக்கும் இந்தக் கோட்டுல ஒரு மேடு எழும்பும். எண்ணறதுக்குக் கை கால் அசையணும்னு இல்ல. உள்ள ஆள் இருந்தாப் போதும்.”

அன்று மேடு எதுவும் எழும்பவில்லை. “இன்னைக்கு வரலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. இவங்களுக்கு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். இலக்கியா அழுதாள். முருகானந்தம் தலையை அலசிவிட்டுப் பழையபடி பேச ஆரம்பித்தார்.

பங்குனியில் டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஏதோ தப்பு நடந்தது போல மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். இடது கையை எண்ணச் சொல்லி ஒரு தரம். பிறகு வலது கையை ஒரு தரம். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர்களைப் பார்த்தார்.

“எண்ணறாங்க” என்றார். “சொல்றது புரியுது அவங்களுக்கு. கேக்குது.”

இலக்கியா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அதே மூச்சில் சிரித்தாள். “எத்தன நாளாங்க மேடம்? எப்ப இருந்து கேக்குது?”

“அது சொல்ல முடியாதும்மா. ரொம்ப நாளாவே இருக்கலாம்.”

முருகானந்தம் புழக்கடைக்குப் போனார். அங்கே கழுவிக் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் பேசினை எடுத்து மறுபடி கழுவினார். அதைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக் கழுவினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. எதையெதையெல்லாம் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக வந்தது. காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண் வந்தது. எழுந்து போக முடியாது, காதைப் பொத்திக்கொள்ள முடியாது, போதும் நிறுத்து என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவளிடம் தினம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அந்த அறையில் அவர் குரல் நின்றுவிட்டது.

சேதி கேட்டு மாதேஸ்வரன் வெண்ணந்தூரிலிருந்து வந்து தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு அழுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். இலக்கியா வேலைக்குப் போகுமுன் அரை மணி, வந்ததும் ஒரு மணி பேசினாள். முருகானந்தம் வேலையை மட்டும் செய்தார். திருப்பிவிட்டு, துடைத்துவிட்டு, வெளியே வந்து கேட்டருகே நிற்பார். உள்ளே போவார். திரும்ப வெளியே வருவார்.

“ஏனுங்கப்பா இப்பிடி இருக்கறீங்க?” என்றாள் இலக்கியா ஒரு நாள். “கேக்குதோ இல்லையோன்னு இருந்தப்ப அப்பிடிப் பேசுனீங்க. இப்பக் கேக்குதுன்னு தெரிஞ்ச பொறவு வாயே தெறக்க மாட்டேங்கறீங்க. அம்மா என்ன நெனைக்கும்?”

“என்னத்தப் பேசறது சாமி” என்றார்.

மூன்றாவது முறை டாக்டர் வந்ததுதான் போன புதன்கிழமை. இப்போது கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆமாம் என்றால் வலது கை அதிர்வை எண்ண வேண்டும். இல்லை என்றால் இடது கையை. ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று நிமிஷம் பிடித்தது. முதலில், விடை தெரிந்த கேள்விகள். உங்க பேரு வசந்தாமணியா? ஆமாம். உங்களுக்கு ஒரு பையனா? இல்லை. பத்துக்கு எட்டு சரியாக வந்தது.

“நல்லாவே இருக்கு. ஆனா பத்துல ரெண்டு தப்பு வருது, பாத்துக்கங்க. இத வெச்சுப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது” என்றார் டாக்டர். “அவங்க சோர்ந்துருவாங்க. முக்கியமானதா மூணே கேள்வி கேளுங்க.”

இலக்கியா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். முருகானந்தம் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை.

“அம்மா, ஒடம்புல எங்கியாச்சும் வலிக்குதா?”

மூன்று நிமிஷம். இல்லை.

“தண்ணி தவிக்குதாம்மா?”

ஆமாம். இலக்கியா ஓடிப்போய்ப் பஞ்சை நனைத்து வந்து அம்மாவின் உதட்டை ஈரம் செய்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“அம்மா, அப்பா இப்பெல்லாம் பேசறதே இல்ல. நீயே சொல்லு. அப்பா முன்ன மாதிரி உங்கிட்டப் பேசட்டுமா?”

“இலக்கியா” என்றார் முருகானந்தம். அதற்குள் அதிர்வு தொடங்கிவிட்டது. வலது, இடது, வலது, வலது, இடது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே போகவும் முடியவில்லை, திரையைப் பார்க்கவும் முடியவில்லை. அவள் கையைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பாக இருந்த கை. அசையாமல் கிடந்தது.

டாக்டர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இல்லைன்னு காட்டுது” என்றார்.

 “களைச்சுட்டாங்க போல” என்றாள் இலக்கியா. “ஆமா, இருக்கலாம்” என்று டாக்டரும் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார்.

முருகானந்தத்துக்கு மட்டும் சந்தேகம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எது சொன்னாலும், “செரிங்க” என்பதுதான் அவள் பதில். வடக்கே போகிறேன் என்றால் செரிங்க. தீபாவளிக்கு வர முடியாது என்றால் செரிங்க. அவள் அப்பா எழவுக்கு வர முடியவில்லை என்றபோதும் போனில் ஒரு விசும்பல், பிறகு “செரிங்க, பாத்து இருங்க.” முடியாது என்று ஒரு முறைகூட அவரிடம் சொன்னவளில்லை. மூன்று நிமிஷம் இடது கையையே எண்ணிக்கொண்டு, வலது கை எத்தனை தடவை அதிர்ந்தாலும் அதைச் சட்டை செய்யாமல், ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை அவளுக்குச் சளி கட்டியது. வெள்ளிக்கிழமை காய்ச்சல். மாதேஸ்வரன் வந்துவிட்டான். சனிக்கிழமை விடிந்ததும் மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது. நூற்றியெட்டுக்குப் போன் செய்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஒன்பதே முக்காலுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது.

“மாப்ளே, கூப்புடுங்க!” என்று கத்தினான் மாதேஸ்வரன். “நீங்க கூப்புட்டாத் திரும்புவா. காது கேக்குதுன்னு டாக்டரே சொன்னாங்கல்ல!”

முருகானந்தம் கால்மாட்டில் நின்று அவளுடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஒரு வார்த்த பேசுங்கப்பா. வசந்தான்னு கூப்புடுங்க. அது போதும்.” இலக்கியா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இலக்கியா கையை எடுத்துவிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பவில்லை.

பாதம் குளிர்ந்து வருவது அவர் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆம்புலன்ஸ் பத்தே காலுக்கு வந்து நின்றது.

பன்னிரண்டு மணிக்கு அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு மணிக்கொரு தரம் அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வைத்திருந்த அலாரம். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் அவள் கிடந்தாள். அலாரம் கேட்டதும் அவர் எழுந்து இரண்டு எட்டு நடந்துவிட்டார். மாதேஸ்வரன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இரண்டு மணிக்கு மறுபடி அடித்தது. மறுபடி எழுந்தார்.

சுடுதண்ணீரில் பசை இளகிப் போனது. மஞ்சள் பூசி, பூ வைத்து, பொறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்திப் படுக்க வைத்தார்கள். “பூவும் பொட்டுமாப் போறா. குடுத்து வெச்சவ” என்றாள் ஒருத்தி. வந்தவர்கள் முருகானந்தத்தின் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். அவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். தண்ணீர்க் கேனை நிழலுக்கு நகர்த்தினார். திரும்ப வெயிலுக்கு நகர்த்தினார்.

“இவிய மாமனாரு எழவுக்கும் வரல. இன்னைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல பாரு” என்று அவருக்குப் பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

“அப்ப வண்டி மாட்டிக்கிச்சுங்க” என்றது இன்னொரு குரல். “வசந்தாதான் எல்லார்த்துகிட்டயும் சொன்னா. அவரு என்ன பண்ணுவாரு, வண்டிய உட்டுட்டு எப்பிடி வருவாருன்னு சண்டைக்கே போனா.”

முருகானந்தம் கேனைப் பிடித்தபடி குனிந்து நின்றார். யாரோ வந்து, “நேரமாச்சுங்க, தூக்கலாம்” என்றார்கள்.

திருச்செங்கோட்டுத் தகன மேடையில் எல்லாம் அரை மணியில் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை சடங்கு முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு டாக்டர் ஸ்ரீதேவி வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் வசந்தாமணியைப் பற்றி இலக்கியாவிடம் விசாரித்தார். பிறகு முருகானந்தத்தைப் பார்த்துச் சொன்னார்:

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். அன்னைக்கு நடந்த பதிவ மறுபடி எடுத்துப் பாத்தேன். அந்தக் கடைசிக் கேள்வி... அத நீங்க மனசுல வெச்சுக்க வேண்டாம். ரொம்ப நேரமாயிருச்சு, அவங்க களைச்சுட்டாங்க. உள்ளுக்குள்ள காய்ச்சலும் ஆரம்பிச்சிருக்கும். பத்துல ரெண்டு தப்பா வருதுன்னு சொன்னேன்ல. அதுல ஒண்ணுதான் அது.”

“பாத்தீங்களாப்பா” என்றாள் இலக்கியா. மூன்று நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. “நான் அப்பவே சொன்னன்ல. இதுக்காகவா அன்னைக்கு வாயத் தெறக்காம இருந்தீங்க? தப்பா வந்ததுப்பா அது.”

“இல்லைங்க மேடம்” என்றார் முருகானந்தம்.  செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “அது சரியாத்தானுங்க வந்துச்சு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அவ சொன்னதுதானுங்க அது. தப்புன்னு எழுதீராதீங்க.”

டாக்டர் இலக்கியாவைப் பார்த்தார். இலக்கியா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் எதையும் மாத்தி எழுத மாட்டேன்” என்றார் டாக்டர் கடைசியில். “வந்தது வந்தபடிதான் இருக்கும்.” இரண்டு கையும் கூப்பிவிட்டுக் காருக்குப் போனார்.

கார் தெருமுனை திரும்பும்வரை முருகானந்தம் கேட்டருகே நின்றார். திரும்பியபோது இலக்கியா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா” என்றாள். “அம்மாகிட்ட அப்பிடி என்ன பேசுனீங்க?”

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

எழவுக்காக மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்த பக்கத்து விசைத்தறிப் பட்டறையில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக எட்டுத் தறியும். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

இலக்கியா தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, காதை அவர் பக்கம் சாய்த்து உட்கார்ந்தாள்.